பழைய அம்ப்பைக் கும்பிட வேண்டாம், திறந்து பாருங்கோ

போன மாசம் எங்கட பயிற்சி அறையில ஒரு சண்டை. அடிபிடி இல்லை. ஆனா இரண்டு பேர் ஒரு கிழமை முகம் பார்த்துக் கதைக்கேல்லை. காரணம் ஒரு பேஸ் அம்ப்.

ஒன்றரை வருசமாக் கலியாண வீடு, பள்ளிக்கூட விழா, சேர்ச் பெருநாள் எண்டு வாசிச்சுச் சேர்த்த காசு இருந்தது. அதில ஒரு நல்ல பேஸ் அம்ப் எடுக்கிறது எண்டு எல்லாருக்கும் சம்மதம். எது எண்டதில்தான் பிரச்சினை. ஒருத்தன், வெளிநாட்டில இருக்கிற மாமா மூலம் எழுபதுகளில செய்த வால்வ் அம்ப் ஒண்டைக் கப்பலில எடுப்பம் எண்டான். மற்றவன், மூண்டு கிலோ பாரமான புது அம்ப் எடுத்தால் தோள்பையில போட்டு பஸ்ஸில கொண்டு போகலாம் எண்டான். நான் முதலாவது ஆளின்ட பக்கம் நிண்டேன். அந்தப் பக்கத்தில இருந்து நான் ஏன் பாதித் தூரம் விலகி வந்தேன் எண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல, இதுக்கெல்லாம் ஏன் சண்டை எண்டு கேட்கிற ஆக்களுக்கு ஒரு சின்னச் சோதனை. எண்பதுகளில வந்த இளையராஜா பாட்டு ஒண்டைப் போன் ஸ்பீக்கரில போட்டுக் கேளுங்கோ. பிறகு அதையே ஒரு நல்ல ஹெட்போனில கேளுங்கோ. பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டு இருக்கும். அதுதான் பேஸ். போனில அது காணாமல் போறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நாலு கம்பி பேஸ் கிற்றாரின்ட ஆகக் கீழ்ச் சுரத்தின்ட மீடிறன் ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ். ஏ.எல். பௌதிகத்தில படிச்ச கணக்கைப் போட்டுப் பாருங்கோ, அந்த அலையின்ட நீளம் எட்டு மீற்றருக்கு மேல. நகத்தளவு ஸ்பீக்கர் அவ்வளவு காற்றைத் தள்ளாது. அதோட, எங்கட காதும் கீழ்ச் சுரங்களுக்குக் கொஞ்சம் மந்தம். இதை 1933இல பிளெச்சரும் மன்சனும் அளந்து காட்டினவை. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாப் படவேணும் எண்டால் வலு கிட்டத்தட்டப் பத்து மடங்கு கூடவேணும். அதாலதான் கிற்றார்காரன் 30 வாட்டோட சமாளிக்கிற மேடையில பேஸ்காரன் 300 வாட் கேட்கிறான். ஆசையால இல்லை, தேவையால.

இந்தத் தேவையின்ட கதைதான் பேஸ் அம்ப்பின்ட கதை. 1951இல லியோ பெண்டர் பிரெசிசன் பேஸ் எண்ட மின் பேஸை விற்பனைக்கு விட்டார். அடுத்த வருசமே அதுக்கெண்டு பேஸ்மன் எண்ட அம்ப்பும் வந்தது. பிறகு அந்த அம்ப் மாறி மாறி, ஐம்பதுகளின்ட நடுவில நாலு பத்து அங்குல ஸ்பீக்கரோட வந்தது. பேஸுக்கு அது காணாது. சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கத் தொடங்கும். அந்தக் கரகரப்பை விரும்பி எடுத்துக்கொண்டு போனது கிற்றார்காரர். அறுபதுகளின்ட தொடக்கத்தில லண்டனில ஜிம் மார்ஷலின்ட கடையில செய்த முதல் அம்ப்பும் அந்த பேஸ்மன் சுற்றைப் பார்த்துச் செய்ததுதான். ரொக் இசையில நாங்கள் கேட்கிற மார்ஷல் சத்தத்தின்ட வேர், தன்ட வேலையைச் சரியாச் செய்ய முடியாமல் போன ஒரு பேஸ் அம்ப்.

அம்பெக்கின்ட கதை இன்னும் சுவாரசியம். நியூயோர்க்கில எவரெட் ஹல் எண்டு ஒரு இசைக்காரர். நிண்டு வாசிக்கிற பெரிய டபிள் பேஸின்ட சத்தம் மற்ற வாத்தியங்களுக்குள்ள அமிழ்ந்து போறதைப் பார்த்து, அந்த வாத்தியத்தின்ட கீழ்க் கால் வழியா உள்ளே ஒரு மைக்கை வைச்சார். அந்தக் காலுக்கு ஆங்கிலத்தில பெக். அம்பிளிபை பண்ணின பெக் எண்டதுதான் சுருங்கி அம்பெக் ஆனது. 1960இல ஜெஸ் ஒலிவர் எண்டவர் அந்தக் கொம்பனிக்கு பி-15 அம்ப்பை வடிவமைச்சார். வாசிக்கேக்க அம்ப் பெட்டிக்கு மேல இருக்கும். வாசிச்சு முடிய மூடியைக் கவிழ்த்தால் அம்ப் பெட்டிக்குள்ள போயிடும். வெறும் 25, 30 வாட்தான். ஆனா சின்ன கிளப்புகளிலயும் ஸ்ரூடியோக்களிலயும் பேஸ்காரரின்ட வீட்டுப் பிள்ளை மாதிரி அது.

ஹல்லுக்கு ரொக் இசை பிடிக்காது, அம்ப் கரகரக்கிறதும் பிடிக்காது. சத்தம் துப்புரவா வரவேணும் எண்டுதான் அவர் நிண்டவர். அவர் கொம்பனியை வித்துப்போட்டுப் போன பிறகு 1969இல எஸ்.வி.ரி. வந்தது. 14 வால்வ், 300 வாட், தலைப்பகுதி மட்டும் 40 கிலோ கிட்ட. அதோட வாற எட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு உலகம் முழுக்க இருக்கிற பட்டப்பெயர் பிரிட்ஜ். ரோலிங் ஸ்ரோன்ஸ் அந்த வருச அமெரிக்கச் சுற்றுப் பயணத்தில அதைத்தான் கொண்டு போனவை. இண்டைக்கு நாங்கள் பழைய அம்பெக் சத்தம் எண்டு உருகிறதில பாதி, அந்தக் கொம்பனியைத் தொடங்கின மனுசன் கேட்டால் காதைப் பொத்துற சத்தம்.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், பழைய சாமான் மேல இருக்கிற பக்தி கனநேரம் பழைய காலத்தைப் பற்றினது இல்லை. எங்களைப் பற்றினது. அந்த மேடை, அந்தப் புகைப்படம், அதில நிக்கிற ஆளாக நானும் இருக்கவேணும் எண்ட ஆசை. எனக்கும் அது இருக்கு. இரவு ஒரு மணிக்குப் பழைய அம்ப் படங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆள்தான் நானும்.

ஆனா சில உண்மைகள் அந்தப் பக்தியைக் கொஞ்சம் அசைக்கும். பேஸ் வாசிக்கிற எல்லாரும் கும்பிடுற ஆள் ஜேம்ஸ் ஜேமர்சன். டெற்றோயிற்றில மோட்டவுன் ஸ்ரூடியோவில அறுபதுகளில அவர் வாசிச்ச பேஸைக் கேட்டுத்தான் மற்ற ஆக்கள் படிச்சவை. அவரின்ட பெயரோட பி-15 அம்ப்பையும் சேர்த்துத்தான் சொல்லுவினம். ஆனா மோட்டவுன் ஒலிப்பதிவுகளில அவரின்ட பேஸ் பெரும்பாலும் அம்ப் வழியாப் போகேல்லை. நேரே மிக்சருக்குள்ள போனது. அந்தச் சத்தத்தைச் செய்தது வருசக்கணக்கா மாத்தாத பழைய கம்பியும், அடிச்ச ஒரேயொரு விரலும்தான்.

அடுத்தது ஜாக்கோ பஸ்ரோறியஸ். வால்வ் இல்லாமல் உயிர் இல்லை எண்டு சொல்லுற ஆக்கள் அவரின்ட பெயரையும் சொல்லுறதைக் கேட்டிருக்கிறன். அவர் பாவிச்ச அக்கூஸ்ரிக் 360 ரான்சிஸ்ரர் அம்ப். அதுக்குள்ள வால்வே இல்லை.

வால்வ் எண்டது வெறும் கதை எண்டு நான் சொல்ல வரேல்லை. வால்வ் அம்ப்பை முடுக்கினால் அலையின்ட உச்சி திடீரெண்டு வெட்டுப்படாமல் மெல்ல வளையும். அதால 41 ஹேர்ட்ஸோட அதின்ட மேற்றொனிகளும், 82, 123 எண்டு கூடி வரும். காது அதைப் பிடிச்சுக்கொண்டு கீழ்ச் சுரத்தையும் தானே நிரப்பிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு முன்னால நிண்டு வாசிச்சால் வயிற்றுக்குள்ள ஒரு சூடு வரும். அது உண்மை. நான் கேட்கிறது, அந்தச் சூட்டுக்காக எங்கட முழுக் காசையும் எங்கட நிலைமையில குடுக்கலாமா எண்டதுதான்.

எங்கட நிலைமையைக் கொஞ்சம் பாருங்கோ. அமெரிக்காவில இருந்து வாற அம்ப் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. எங்கட கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அப்படியே சொருகினால் புகைதான். இடையில நிலைமாற்றி ஒண்டு வைச்சு வோல்ற்றைக் குறைக்கலாம், ஆனா அது மீடிறனை மாத்தாது. 60க்கு மட்டும் அளந்து சுத்தின பழைய நிலைமாற்றி 50இல கூடச் சூடாகும். வால்வுகள் தேயிற சாமான். உலகத்தில இப்ப அதைச் செய்யிற தொழிற்சாலைகளை விரல் விட்டு எண்ணலாம்: ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா. 2022 மார்ச்சில ரஷ்யாவில இருந்து வால்வ் வெளியில வராது எண்ட செய்தி வந்து உலகம் முழுக்க விலை ஏறினது. அதே மார்ச் கடைசியில எங்கட நாட்டில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வால்வ் அம்ப் ஒரு சுரமும் வாசிக்காமல் சும்மா நிக்கேக்கயே கரண்ட் குடிக்கிற சாதி. வாடகை ஜெனரேற்றரில அதை நிற்பாட்டி வைச்சிருக்கிறது மண்டப முதலாளிக்கு விளங்காத ஒரு கலை.

அப்ப மூண்டு கிலோ அம்ப்தான் சரியா? அதுக்குள்ள இருக்கிறது கிளாஸ் டி எண்ட முறை. ஒரு செக்கனுக்கு லட்சக்கணக்கான தடவை சுவிச்சைப் போட்டு நூர்க்கிற மாதிரி அது வேலை செய்யும். முழுக்கப் போட்டிருக்கும், இல்லாட்டி முழுக்க நூர்ந்திருக்கும். இடையில நிண்டு சூடாகிறது இல்லை. அதால பெரிய இரும்பு நிலைமாற்றியும் வேண்டாம், சூட்டை ஆத்துற பெரிய அலுமினியத் தகடும் வேண்டாம். 500 வாட்டை ஒரு கையில தூக்கலாம். ஓட்டோவில டிரம்சோட டிரம்சா ஏறிப் போற எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. முதுகு நொந்த எந்த பேஸ்காரனும் இதைப் பழிக்கமாட்டான்.

ஆனா அதிலயும் ஒரு ஓட்டை இருக்கு. எங்களுக்குத் தெரிஞ்ச வேறொரு இசைக்குழுவின்ட இப்படியான அம்ப், ஒரு நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்த கையோட செத்துப் போச்சு. வாங்கின இடத்தில கேட்டால் முழு போட்டையும் மாத்தவேணும் எண்டவை. போட்டின்ட விலை அம்ப்பின்ட விலைக்குக் கிட்ட. சுற்றுப் படம் தாங்கோ எண்டு கேட்டதுக்கு, அப்படியொண்டு வெளியில குடுக்கிறதில்லை எண்டு பதில். அரிசிமணி அளவு பாகங்கள், ஒண்டுக்கு மேல ஒண்டு நெருக்கி ஒட்டினது. அந்த அம்ப் இப்ப ஒரு கட்டிலுக்குக் கீழ கிடக்கு.

எங்கட சண்டை நடந்துகொண்டு இருக்கேக்கதான் மூண்டாவது ஒரு அம்ப் கதைக்குள்ள வந்தது. எங்கட பயிற்சி அறைக்குப் பக்கத்துச் சேர்ச்சின்ட களஞ்சியத்தில, பழைய கதிரைகளுக்குக் கீழ, எண்பதுகளில வந்த ஒரு ரான்சிஸ்ரர் பேஸ் அம்ப். ஒருத்தரும் படம் எடுத்துப் போடுற அளவுக்கு அழகில்லை. போட்டால் ஒரு உறுமல் மட்டும் வரும். அதை ரவுணில றேடியோ திருத்துற ஒரு ஐயாவிட்டக் கொண்டு போனம். அவருக்கு எழுபது வயசுக்கு மேல. மூடியைக் கழட்டினார், மணந்து பார்த்தார், லைற்றை அடிச்சுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இஞ்ச பார். இதைச் செய்தவன், ஒரு நாள் இன்னொருத்தன் திறப்பான் எண்டு நினைச்சுத்தான் செய்திருக்கிறான்" எண்டார். பாகங்களுக்கு இடையில விரல் போற அளவு இடம். ஒவ்வொண்டிலயும் பெறுமானம் அச்சடிச்சிருக்கு. மூடிக்கு உள்பக்கம் சுற்றுப் படம் ஒட்டியிருக்கு. ஊதிப் போயிருந்த நாலு கொள்ளளவியை மாத்தினார், இரண்டு ஒட்டைத் திரும்ப ஒட்டினார். உறுமல் போச்சு. செலவு, நாங்கள் ஒரு நிகழ்ச்சிக்குப் போய்வாற ஓட்டோக் காசை விடக் குறைவு.

அந்த மேசையில நிண்டு பார்க்கேக்கதான் எனக்கு விளங்கினது. பழைய சாமானில நான் நேசிக்கவேண்டியது அதின்ட வயசை இல்லை, அது திறபடும் எண்டதை. பெண்டரின்ட, அம்பெக்கின்ட பழைய அம்ப்புகள் அறுபது வருசம் கழிச்சும் வேலை செய்யிறதுக்கு மந்திரம் ஒண்டும் இல்லை. பழுதானால் ஒரு ஆள் திறந்து, பார்த்து, விளங்கி, மாத்தக்கூடிய மாதிரி அவை செய்திருந்தவை. விலையையும் பெயரையும் கழிச்சுப் போட்டுப் பார்த்தால் மிஞ்சுற நல்ல குணம் அதுதான். அந்தக் குணம் களஞ்சியத்தில கிடந்த பெயரில்லாத அம்ப்பிலயும் இருந்தது.

ஐயா இந்தத் தொழிலைக் கரண்ட் இல்லாத காலத்தில பழகினவர். தொண்ணூறுகளில குடாநாட்டில சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட கதை எங்கட எல்லாரின்ட வீட்டிலயும் இருக்கும். அந்த டைனமோவுக்கும் றேடியோவுக்கும் இடையில யாரோ ஒருத்தர் வயர் ஒட்டிக் குடுத்திருப்பார். அப்படியான ஆக்களில ஒருத்தர் இவர். இப்ப கடையில அவர் மட்டும்தான். பழக ஒருத்தரும் வாறதில்லை எண்டு குறையாச் சொல்லேல்லை, சும்மா சொன்னார். எனக்குத்தான் சுட்டது. டெற்றோயிற்றில எந்தக் கம்பி போட்டவை எண்டு தெரிஞ்ச எனக்கு, எங்கட ரவுணில அம்ப் திருத்தத் தெரிஞ்ச எத்தினை பேர் மிச்சம் எண்டு தெரியாது.

ஒரு எச்சரிக்கையையும் இதிலயே சொல்லிவிடுறன், ஏனெண்டால் திறந்து பாருங்கோ எண்டு தலைப்பு வைச்சிருக்கிறன். தனியத் திறக்க வேண்டாம். வால்வ் அம்ப்புக்குள்ள 400, 500 வோல்ற் சாதாரணம். எஸ்.வி.ரி. மாதிரிப் பெரிசுகளில 700 வரைக்கும் போகும். பிளக்கைக் கழட்டின பிறகும் கொள்ளளவிக்குள்ள ஏற்றம் நிக்கும். அது பரீட்சைக் கேள்வி இல்லை, ஆளைக் கொல்லும். தெரிஞ்ச ஒருத்தர் அந்த ஏற்றத்தை இறக்கின பிறகுதான் கை வைக்கவேணும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஏர்த். பழைய அமெரிக்க அம்ப்புகள் கனக்க இரண்டு பின் பிளக்கோட வரும். ஏர்த் இல்லை. முதல் வேலையா மூண்டு பின் வயராக மாத்தவேணும். இன்னொரு பக்கம், எங்கட மேடைகளில உறுமல் சத்தம் போகவேணும் எண்டு இருக்கிற ஏர்த் பின்னை உடைச்சு விடுற பழக்கம் இருக்கு. தயவு செய்து செய்யாதேங்கோ. பேஸின்ட கம்பி அம்ப்பின்ட ஏர்த்தோட தொடுப்பு. கை கம்பியில, வாய் மைக்கில. இரண்டுக்கும் நடுவில நிக்கிறது நீங்கள். 1972இல ஸ்டோன் த குறோஸ் குழுவின்ட கிற்றார்காரர் லெஸ்லி ஹார்வி, வேல்சில சுவான்சி நகரத்து மேடையில, ஏர்த் இல்லாத மைக்கைத் தொட்டு எல்லாருக்கும் முன்னால செத்துப் போனார். உறுமல் போக வழி டி.ஐ. பொக்ஸ். அதில சிக்னலின்ட ஏர்த்தை மட்டும் கழட்டி விடுற சுவிச் இருக்கும். கரண்டின்ட ஏர்த்தில கை வைக்கத் தேவையில்லை.

இனி என்ட கருத்தைச் சுருக்கமாச் சொல்லுறன். அம்ப் வாங்கப் போற பெடியள் பெட்டையள் முதல்ல கேட்கவேண்டிய கேள்வி, இது எந்த வருசத்து அம்ப் எண்டது இல்லை. இது செத்தால் எங்கட ஊரில ஆர் திறப்பினம் எண்டதுதான். பதில் இருந்தால் வால்வோ ரான்சிஸ்ரரோ வாங்குங்கோ. பதில் இல்லாட்டி, எவ்வளவு வடிவான சாமானாக இருந்தாலும், அது ஒரு நாள் கதிரைக்குக் கீழ போகும். புது கிளாஸ் டி அம்ப் வாங்குறதும் பிழை இல்லை. ஆனா சுற்றுப் படம் குடுப்பினமா, பாகம் வருமா எண்டு காசு குடுக்க முதல் கேளுங்கோ. நாலு பேர் கேட்டால் ஐஞ்சாவது ஆளுக்காவது பதில் வரும். அதோட, காசில பெரிய பங்கை அம்ப்பில போடாமல் ஸ்பீக்கரிலயும் பெட்டியிலயும் போடுங்கோ. காற்றைத் தள்ளுறது அதுதான்.

எங்கட சண்டை முடிஞ்ச விதம் இது. சேர்ச் ஃபாதர் அந்த அம்ப்பை எங்களுக்கே தந்திட்டார். பதிலுக்கு நத்தாருக்கு வாசிக்கவேணும். பாவிச்ச 15 அங்குல ஸ்பீக்கர் ஒண்டு எடுத்தம், ஊர்த் தச்சர் பிளைவூட்டில பெட்டி அடிச்சுத் தந்தார். ஒரு டி.ஐ. பொக்ஸ் வாங்கினம். மிச்சக் காசில ஒரு மல்ரிமீற்றரும் இரண்டு ஒட்டுக்கோலும். சனிக்கிழமை பின்னேரங்களில நானும், மூண்டு கிலோ அம்ப் கேட்டவனும் ஐயாவின்ட கடைக்குப் போறம். முதல் மூண்டு கிழமையும் பழைய ஈயத்தை உரிக்கிறது மட்டும்தான் வேலை. வால்வ் கேட்டவன் இன்னும் வால்வ்தான் கேட்கிறான். அவனுக்கு ஐயா சொன்ன பதில், "முதல்ல இவை இரண்டு பேரும் பழகட்டும், பிறகு எடுப்பி."

உங்கட வீட்டிலயோ, பள்ளிக்கூடத்திலயோ, கோயில் களஞ்சியத்திலயோ இப்படி ஏதாவது கிடக்கலாம். பழைய இரும்புக்காரர் வர முதல், தெரிஞ்ச ஒருத்தரோட போய் ஒருக்கா மூடியைக் கழட்டிப் பாருங்கோ. சுற்றுப் படம் ஒட்டியிருந்தால் முதல்ல அதைப் படம் எடுத்து வையுங்கோ. அது கிழிஞ்சால் திரும்பக் கிடைக்காது.